வரைபடத்தின் வெள்ளைக்குப் பயந்தவர்

தேவசகாயம் அண்ணை காலமாகிவிட்டார் என்று கடந்த வாரம் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தபோது வெளியே மாரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சுவலி என்றார்கள். வேலையிலிருந்து இளைப்பாறியபின் உடுப்பிட்டியில் இருந்தவர். எங்கள் சுகாதாரப் பணிமனையில் டெங்கு வரைபடம் போட்டவர் அவர்தான். பக்கத்து மேசை என்னுடையது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அண்ணை ஒரு பயந்தாங்கொள்ளி. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், பெரிய டொக்டருக்குப் பயம். எல்லாவற்றையும் விடத் தன் வரைபடத்துக்குப் பயம். டெங்கு வந்த ஒவ்வொருவரின் வீடும் அதில் ஒரு புள்ளி. ஓரிடத்தைச் சுற்றிக் குறித்த தூரத்துக்குள் எத்தனை புள்ளி என்று கணினி பார்க்கும். நெருக்கமென்றால் சிவப்பு, ஐதாக இருந்தால் மஞ்சள், ஒன்றுமில்லையென்றால் வெள்ளை. அந்தத் தூரத்தை முடிவு செய்வதற்குள் அவருக்கு வியர்த்துவிடும்.

"கூட்டினால் யாழ்ப்பாணம் முழுக்கச் சிவக்குது, குறைச்சால் ஊர் சுகமாக் கிடக்குது. ரெண்டும் பொய், பிள்ளை" என்பார்.

ஒரு மாரியில் அச்சுவேலிப் பக்கம் எங்கள் வைரவர் கோயில் வரைபடத்தில் கடுஞ்சிவப்பாகத் தெரிந்தது. என் மகள் அப்போது வார்டில். இரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. சின்னவன் வீட்டில், அதே நுளம்புக்கடிக்குள். கோயிலைச் சுற்றிப் புகையடிக்க வாகனம் ஆயத்தமாக நின்றது. அண்ணை மறித்தார். பெரிய டொக்டருக்கு முன்னால் போய் நின்று, "சேர், உது கோயில். கோயிலுக்குள்ளை ஆர் படுக்கிறது?" என்றார்.

எங்கள் ஊரில் வீட்டு இலக்கம் யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்டால் எல்லாரும் "வைரவர் கோயிலடி" என்போம். நானும் அதையேதான் சொன்னேன். பதிந்தவர்கள் எல்லாப் புள்ளிகளையும் கோயில் வாசலிலேயே போட்டுவிட்டார்கள்.

மகளுக்குப் பக்கத்தில் கணவரை விட்டுவிட்டு நான் வழிகாட்டப் போனேன். அண்ணை மழைக்குள் வீட்டுக்கு வீடு, படலை படலையாக ஏறி இறங்கினார், நாய் குரைத்தால் என் பின்னால் ஒளிந்துகொண்டு. புள்ளிகள் தத்தம் வீடுகளுக்குத் திரும்பத் திரும்ப, சிவப்பு கோயிலை விட்டு நகர்ந்து, வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் பூட்டிய அரைகுறை வீட்டில் போய் நின்றது. அங்கே மூடாத தண்ணீர்த் தொட்டி. உள்ளே நுளம்புக் குடம்பிகள் புழுக்களாக நெளிந்தன. என் மகள் வீடு திரும்பினாள். முன்வீட்டுப் பெண் திரும்பவில்லை.

நான் நன்றி சொன்னபோது அண்ணை சிரிக்கவில்லை. "சிவப்பெண்டால் ஆக்கள் ஓடி வருவினம். வெள்ளைக்குத்தான் எனக்குப் பயம். காய்ச்சல் இல்லையோ, ஆரும் சொல்லேல்லையோ, ஆருக்குத் தெரியும்?"

செத்தவீட்டில் அவர் மனைவியின் கையைப் பிடித்தேன். "கொஞ்ச நாளாக் காய்ச்சல் கிடந்தது, பிள்ளை. பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருந்தவர். ஆஸ்பத்திரிக்கு வாங்கோ எண்டால், மழை விடட்டும் எண்டார்" என்றார்.

ஊரார் காய்ச்சலுக்கெல்லாம் பயந்த மனுஷன் தன் காய்ச்சலுக்கு மட்டும் பயப்படவில்லை. அண்ணையில் எனக்கு அதுதான் ஆத்திரம். அம்மம்மாவில் சாய்ந்திருந்த அண்ணையின் சின்னப் பேத்தியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

பிரேதம் எடுக்குமுன்னே பிள்ளையை ஓட்டோவில் ஏற்றினோம். டெங்குதான். இதை எழுதும்போதும் அவள் வார்டில் இருக்கிறாள். தொலைபேசி அடித்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது.

இன்று காலை வரைபடத்தைத் திறந்தேன். உடுப்பிட்டி முழுக்க வெள்ளை. ஒரேயொரு புள்ளி, பேத்தியுடையது. விலாசம் "மிஷன் பள்ளிக்கூடத்தடி" என்றிருக்க, அது பள்ளிக்கூட வாசலில் கிடந்தது. அதை இழுத்து அண்ணையின் படலைக்குள் கொண்டுபோய் விட்டேன். பக்கத்திலேயே, சந்தேகம் என்று குறித்து, அவருக்கும் ஒரு புள்ளி வைத்தேன்.

போயிட்டு வாங்கோ, அண்ணை. உங்கடை வீட்டு ஒழுங்கைக்குத்தான் இப்ப வெளிக்கிடுறன், வீடு வீடாக் காய்ச்சல் கேக்க. நாய் நிண்டால் நான் முன்னுக்குப் போறன்.