அண்ணன் தோண்டிய குழி

அண்ணனின் கடப்பாரை எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது. தொண்ணூற்றொன்றில், சித்திரை வெயிலில், வடக்குப்பட்டு ஏரிக்கரையில் அதை வைத்துத்தான் என் மகளுக்குக் குழி தோண்டினான். பிறந்து ஒரு நாள்கூட இருக்காத பிள்ளை. பெற்றவள் வரக்கூடாது என்று என்னை விடவில்லை. தன் துண்டிலேயே சுற்றித் தூக்கிக்கொண்டு போனான். தரை கல்லாக இருந்திருக்கிறது. திரும்பி வந்தபோது உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. "ஆழமாத்தான் தோண்டிக்கீறேன். நாய் கீய் வராது. தூங்கு" என்றான். கடப்பாரையை இங்கேயே சாய்த்துவிட்டுப் போனவன் திரும்பக் கேட்கவே இல்லை.

என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தார். கேட்டில் ஆள் போய்ச் சொல்லியும் ஷிஃப்ட் முடிந்துதான் வந்தார். அதற்குள் அண்ணன் குளித்துத் தலை துவட்டிவிட்டான்.

அவர் புதுக்கவிதை எழுதுவார். "வாழ்ந்து பாத்ததத்தான் எழுதணும்" என்று எல்லாரிடமும் சொல்வார். ஆயுத பூஜைக்கு மட்டும் குடும்பத்தைக் கம்பெனிக்குள் விடுவார்கள். அந்த வருடம் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கொடுத்த பிறகு, அவரை மைக்கில் கூப்பிட்டார்கள். படித்தார்.

தொட்டிலுக்கு அளந்த கை
குழிக்கு அளந்தது.
பிடி பிடியாய் மண்ணெடுத்து
மகளே
நானே உன்னை மூடினேன்.

அழாத ஆள் இல்லை. மேனேஜர் பொன்னாடை போர்த்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்தவன் கையால மண்ணு தள்றதுன்னா சும்மாவாம்மா?" என்றாள். நான் மடியில் இருந்த பொரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். "எங்கண்ணன்தான தோண்டுச்சு?"

"மச்சான்னு போட்டா கவித நிக்காதுடி. அஞ்சாவது படிச்சவளுக்கு இதெல்லாம் இன்னா புரியும்?"

புரிந்தது.

பிறகு பல மேடைகளில் அதையே படித்தார். ஒருமுறை அண்ணனும் கேட்டான். முடிந்ததும் கிட்டே போய், "நல்லாத்தான் தோண்டிக்கீற மாப்ள" என்று சொல்லிவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டு நடந்தான்.

இப்போது அந்த ஏரிக்கரையில் கம்பெனிச் சுவர் நிற்கிறது. ஷேர் ஆட்டோவில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். பிள்ளை இருக்கும் இடம் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். போன மாதம் அவனும் போய்விட்டான். காரியம் முடிந்த சாயந்திரம் வீட்டுக்காரர் பேனாவோடு உட்கார்ந்தார்.

"மச்சானப் பத்தி ஒண்ணு எழுதலாம்னு கீறேன்."

"எழுது. அன்னிக்கு நீ எங்க இருந்தன்னு ஆரம்பி" என்றேன்.

பேனாவை மூடினார். நான் கடப்பாரையை எடுத்துத் துடைத்து, மறுபடி சுவரில் சாய்த்தேன்.