நூல் ஒட்டாத இடம்

எங்கள் வகுப்புக்குப் புதிதாக வந்த டீச்சர், கணக்குப் பாடத்து வரைபடத்தைச் சுவரில்தான் சொல்லிக்கொடுத்தார். கரும்பலகையில் கட்டம் போட்டபோது எங்கள் மண்டையில் ஏறவில்லை. அதனால் திங்கட்கிழமைதோறும் பள்ளிக்கூடத்துக் கிணற்றில் கல் கட்டிய கயிற்றை அடிவரை இறக்கச் சொன்னார். கயிறு எவ்வளவு நனைந்ததோ அவ்வளவு நீளத்துக்குக் கழிவுப் பட்டுநூலை வெட்டி, தரையிலிருந்து மேலே நேராகச் சுவரில் ஒட்டுவோம். காஞ்சிபுரத்தில் நூலுக்கா பஞ்சம்? கோடையில் முழங்கால் உயரமிருந்த நூல்கள் ஐப்பசி மழையில் எங்கள் தலையைத் தாண்டின. எந்த மாதம் தண்ணீர் அதிகம் என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பக்கத்தில் உட்காரும் பையன் அந்தக் கிணற்றில் விழுந்து செத்தான். மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. யாரும் அளக்கவில்லை. அந்த வாரத்துக்கு என்ன ஒட்டுவது என்று பிறகு கேட்டோம்.

"ஒண்ணும் ஒட்டாதீங்க. தண்ணி இல்லன்னு அர்த்தமில்ல. நாம பாக்கலன்னு அர்த்தம்," என்றார் டீச்சர்.

அடுத்த திங்கட்கிழமை நூலை ஒட்டிய பிறகு ஒருநாள் அவன் அம்மா வகுப்புக்கு வந்தாள். முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்ட பொங்கலை அவள் வைக்கவில்லை, அந்தக் கோபத்தில்தான் முனி பையனை அமுக்கிவிட்டது என்று தெருவில் பேச்சு.

"இடுப்பளவு தண்ணில எந்தப் புள்ளையாச்சும் சாவுமாடின்னு மூஞ்சிக்கு நேராவே கேக்குறாளுங்கம்மா. அன்னிக்கு எவ்ளோ தண்ணி இருந்துச்சு?"

டீச்சர் காலியிடத்தின் இரண்டு பக்கமும் இருந்த நூல்களைத் தொட்டுக் காட்டினார். "அன்னிக்கு அளக்கலம்மா. அதுக்கு முன்னாடி இவ்ளோ, பின்னாடி இவ்ளோ. நடுவுல கெணறு வத்தல."

அவள் நூல்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ வாப்பா. யாரு ஒசரம்னு ரெண்டு பேரும் எந்நேரமும் சண்ட போட்டுக்கினு இருப்பீங்களே. ஒரே ஒசரம்தான்டா நீங்க."

காலியிடத்தில் முதுகை ஒட்டி நின்றேன். சாயம் ஏறிய உள்ளங்கையை என் உச்சியில் வைத்து, விரல்நுனியைச் சுவரில் ஊன்றினாள். இரண்டு பக்கமும் நூல் அவள் கைக்கு மேல் ஒரு சாண் போயிற்று.

"நின்னிருக்க முடியாது," என்றாள். "முனி இல்ல. தண்ணிதான்."

கையை எடுக்கவில்லை. டீச்சர்தான் மெல்லப் பிடித்து விலக்கினார்.

அந்த வருடத்தோடு என் படிப்பு நின்றது. வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன். அப்புறம் கால் போன ஊரெல்லாம் போனேன், கிணற்றுமேட்டில் படுத்தேன். எங்கே தண்ணீர் இறைத்தாலும் வாளியை அடிவரை விட்டு, ஏறிவரும் கயிற்றின் ஈரத்தை உடம்போடு வைத்துப் பார்த்துவிடுவேன். நான் வளர்ந்துவிட்டேன். பல கிணறுகளில் ஈரம் என் கழுத்தோடு நின்றுவிடும். அவனுக்கு அது தலைக்கு மேல். அப்போது உச்சியில் ஓர் உள்ளங்கை அழுத்தும். வாளியைக் கவிழ்த்துவிட்டு, குடிக்காமலே அடுத்த ஊருக்கு நடப்பேன்.