மூன்றாம் மாடி மட்டும்

"இங்க எல்லாம் ஓடிட்டுதான் இருக்கு. ஒண்ணும் நிக்கல," என்றாள் மனைவி போனில். அவள் மூன்றாம் மாடி நர்ஸ்.

அவன் போனை வைப்பதற்குள் ஐந்தாம் மாடி இதய வார்டின் தலைமை நர்ஸ் கூப்பிட்டாள்.

"பதினாலு பெட்டோட இதயத் துடிப்பும் எங்க மேஜைத் திரையில வரல. என்ன சார் பண்றீங்க?"

"ரெண்டு நிமிஷம் சிஸ்டர். தானா மாறிடும்."

மாறவில்லை.

காலை பத்து இருபது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத அறை. ஆறு மாடிக் கூரைகளிலும் ஒட்டியிருக்கும் வெள்ளை வைஃபை பெட்டிகளை இங்கிருக்கும் இரண்டு கன்ட்ரோலர்கள் நடத்துகின்றன. முதலாவது படுத்தால் இரண்டாவது ஏற்றுக்கொள்ள வேண்டும். முதலாவது சற்றுமுன் படுத்துவிட்டது. அறுபத்தெட்டுப் பெட்டிகளில் இரண்டாவதிடம் வந்து சேர்ந்தவை பதினொன்று.

அந்தப் பதினொன்றின் பெயர்களைப் படித்தான். எல்லாமே மூன்று என்ற மாடி எண்ணில் தொடங்கின.

அவனை எல்லோரும் ஒயர் என்பார்கள். டிவி ரிப்பேர் கடையை மூடிவிட்டு, முப்பத்தாறு வயதில் கேபிள் இழுக்க வந்தவன். "ஒயரே இல்லாத வேலைக்கு ஒயர்னு ஒரு ஆள்" என்று கேன்டீனில் கிண்டல் செய்வார்கள். அவனும் சிரிப்பான். நான்கு வருடமாக மாதந்தோறும் இந்த மாற்றத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டு வந்தான். மற்ற வார்டுகளில் சோதனை என்றாலே விரட்டுவார்கள். மூன்றாம் மாடியில் மனைவி இருந்தாள். அந்த மாடியை மட்டும் முதலாவதிலிருந்து துண்டித்து, அவளிடம் கேட்டு, சரி என்று எழுதிவிடுவான்.

இரண்டாவதின் முகவரியை, அதை நிறுவிய முதல் நாள், வெள்ளோட்டமாக அந்த மாடிப் பெட்டிகளில்தான் பதிந்தான். மற்றவற்றை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தது நினைவுக்கு வந்தது. அந்த மறுநாள் என்ன செய்தான் என்பது வரவில்லை.

கீபோர்டில் தன் விரல்களைப் பார்த்தான். அவை எதையும் அழுத்தவில்லை.

மறுபடி தலைமை நர்ஸின் போன். "பெட்டுக்கு ஒரு ஆளா நிறுத்தியிருக்கேன். ஒன்பது பேர்தான் இருக்காங்க. உங்க வீட்டம்மா மாடி மட்டும் நல்லா இருக்காமே?"

அவன் போனை வைத்தான். தலைவனை இழந்த பெட்டிகள் எங்கே போவது என்று நெட்வொர்க்கைத்தான் கேட்கும். நெட்வொர்க் சொல்லும் அந்தப் பதிலில் இரண்டாவதின் முகவரியை அடித்தான். இரண்டு முறை தப்பாக விழுந்தது. பிறகு, அவை மறுபடி விழித்துக் கேட்கட்டும் என்று, ஐந்தாம் மாடிப் பெட்டிகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கொடுத்தான். ஒன்று வந்தது. நான்கு. பன்னிரண்டு.

பத்து ஐம்பத்தொன்றுக்குத் தலைமை நர்ஸ் மறுபடி பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"வந்திருச்சு. நடுவுல ஒன்பதாம் பெட்டுக்கு நின்னுபோச்சு."

"சிக்னலா?"

"இதயம். பக்கத்துல ஆயா நின்னுட்டிருந்தாங்க, கத்திட்டாங்க. ஷாக் கொடுத்து எடுத்துட்டோம். பத்தாம் பெட்டுக்கு நிறுத்த ஆள் இல்ல. பத்தா இருந்திருந்தா..."

அவன் தரையில் உட்கார்ந்தான். இன்னும் நான்கு மாடிகள் பாக்கி இருந்தன. எழுந்து ஆறாம் மாடிப் பெட்டிகளுக்கு மின்சாரத்தை நிறுத்தினான்.

மறுநாள் எட்டு மணிக்கு வேலைக்கு வந்தான். நிர்வாக அதிகாரி விளக்கம் கேட்டார். மூன்றாம் மாடியைத் தவிர வேறெங்கும் சோதித்ததில்லை என்று எழுதிக் கொடுத்தான். அவர் படித்துவிட்டு, விசாரணை முடியும்வரை கன்ட்ரோலர் அறைக்குப் போக வேண்டாம் என்றார். அறைச் சாவியைக் கொடுத்தான். மதியம் ஒன்பதாம் பெட் நோயாளி கஞ்சி குடித்தார். மாலை ஐந்தரைக்கு அவனும் மனைவியும் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள்.