தூக்கிவர யாரும் போகவில்லை

ஒத்தக்கடையில் பேத்தி படிக்கும் பள்ளிக்கு, அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொண்டு போயிருந்தேன். மணி அடித்தது. எல்லாப் பிள்ளைகளும் உள்ளே போக, இவள் மட்டும் பனைமரத்தில் தூக்கணாங்குருவி கூடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பக்கென்றது.

“டீச்சரம்மா, அவளத் தூக்கியார ஆள் விடலையா?”

“எதுக்குங்கய்யா? இங்க எதப் படிக்கணும்னு பிள்ளைகளே முடிவு பண்ணும். இன்னைக்கு அவளுக்குக் குருவிதான் பாடம்.”

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

வாடிப்பட்டியில் அப்போது எனக்கு எட்டு வயது. கிணற்றுக்கு மேல் சாய்ந்திருந்த மரத்தில் இதே குருவி நாரைக் கிழித்து வளையம் கட்டியது. அந்தக் கிணற்றை மூடிவிட்டார்கள், அது வேறு கதை. முடிச்சு எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கு வராத பிள்ளையைத் தூக்கிவர வாத்தியார் நாலு பெரிய பையன்களை அனுப்புவது அன்றைய வழக்கம். கைக்கு ஒருவன், காலுக்கு ஒருவன்.

“ஆட்டாதடா மாப்ள, கனக்குற” என்று சிரித்துக்கொண்டே தூக்கிப் போனார்கள்.

புளிய விளாரின் பச்சை வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. அடி விழும்போது அப்பா வந்தார். தடுப்பார் என்று நினைத்தேன்.

“கண்ண மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சு எடுங்க சார்” என்றார்.

குருவியைப் பார்த்தது கண்தானே? அதற்கப்புறம் நான் பள்ளிப் பக்கமே போகவில்லை. வாத்தியாரும் அப்பாவும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது. என் ஆத்திரம் போகவில்லை.

பேத்தி ஓடி வந்தாள். “தாத்தா, அது மொதல்ல வளையந்தான் கட்டுது.”

“அது எனக்குத் தெரியும் ஆத்தா” என்றேன். “அதுக்கப்புறம் என்ன செய்யுது?”