காலையில் ஒரு முகம், சாயங்காலம் ஒரு முகம்

எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் பொம்மைக்காரி. என் அக்கா மகள். துணிக்கடை வாசலில் சட்டை மாட்டிக்கொண்டு ஆளுயரப் பொம்மைகள் நிற்குமே, அவற்றுக்கு மண்ணில் முதல் உருவம் செய்கிறவள். அவள் ஒன்று செய்து கொடுத்தால் அதில் அச்செடுத்து நூறு வார்ப்பார்கள். ஏன் கல்யாணம் பண்ணிக்கவில்லை என்று யாராவது கேட்டால், "எனக்குத்தான் ஊரெல்லாம் பிள்ளைங்க இருக்கே, ஒண்ணுகூட சோறு கேக்காது" என்பாள்.

அவளுடைய அப்பா வழியில் யாருக்கும் கண் நிலைக்காது. அப்பாவைப் பெற்ற கிழவி கடைசிவரை சுவரைத் தடவித்தான் நடந்தாள். பெரியப்பா, பேரன் முகம் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அப்பா தையல்காரர். ஊசியில் நூல் கோக்க முடியாததை வெளியே சொல்லாமல், நூல் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே காலம் தள்ளினார். ஒருநாள் துணியோடு விரலையும் சேர்த்துத் தைத்துக்கொண்டபோதுதான் அக்காவுக்கே தெரிந்தது. அப்போது அவருக்கு என்ன வயதோ, அந்த வயதை இவளும் எட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் ஒரு பொம்மைக்கு இடது கண்ணை ஒரு நூல் இறக்கி வைத்துவிட்டாள். பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டுடி" என்றேன்.

"அப்பா காட்டினாரே. கண்ணு போயிடும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதையே கேட்டுட்டு வர நான் வேற போகணுமா சித்தி?"

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. ஊருக்கு வெகுதூரம் தள்ளி ஒரு பெரிய தோட்டம். படம் வரைகிறவர்கள், சிலை செய்கிறவர்களைக் கூப்பிட்டுச் சில வாரம் தங்க வைப்பார்கள். இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. கிளம்பும்போது ஒரு வேலையை முடித்து அங்கே வைத்துவிட்டுப் போகவேண்டும். "இத்தனை நாளா யாரோடதும் இல்லாத மூஞ்சியைத்தான் செஞ்சேன். கண்ணு இருக்கறப்பவே நிஜமா ஒரு மனுஷன் தலையைச் செஞ்சு பாத்துடணும். நீ கூட வா. கோணலா போனா நீ சொல்லணும்" என்றாள். போனேன்.

பேருந்து நிற்கிற இடத்துக்குக் காரோடு வந்தவர் தோட்டத்து டிரைவர். ஐம்பது தாண்டியிருக்கும். ஒடுங்கின கன்னம், உள்ளே போன கண், நீண்ட தாடை. பெட்டியை வாங்கிக்கொள்கிறதுக்குள் இவள் முடிவு செய்துவிட்டாள்.

"அண்ணே, உங்க தலை வேணும்."

"கழுத்தோட சேர்ந்துதான் மேடம் வரும். என் வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

வீட்டுக்காரி அங்கேயே சமையல். "எடுத்துக்குங்க, உள்ள ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டாள்.

எங்களுக்குக் கொடுத்த கொட்டகை முன்பு தானியம் கொட்டி வைத்த இடமாம். உயரத்தில் ரெண்டு ஜன்னல், நடுவில் முக்காலி, அதன்மேல் மண். மற்ற விருந்தாளிகள் யாரும் அப்போது இல்லை. காற்றில்லாத நாட்களில் தகரக் கூரை சும்மாவே முனகும். எனக்கு அந்த இடம் முதல் நாளே ஒப்பவில்லை.

டிரைவர் காலையில் கொஞ்ச நேரம் உட்காருவார், மாலையில் கொஞ்ச நேரம். வளைந்த ரெண்டு கால் வைத்த ஓர் இரும்புக் கருவி, காலிப்பர் என்பாள், அதை முகத்தில் வைத்து அளப்பாள். அளவை ஒரு மரச்சட்டத்தில் கோடாகக் கிழித்துக்கொண்டு மண்ணில் வைத்துப் பார்ப்பாள். முதல் வாரம் முகம் அப்படியே எழும்பி வந்தது. நானே எதிரில் நின்று, "ஒரு கப் காபி கொடுத்தா குடிச்சிடும் போலிருக்கே" என்றேன்.

அப்புறம் கணக்கு பிசக ஆரம்பித்தது. மாலையில் பொருந்தின கன்னம் காலையில் பொருந்தவில்லை. மண் உள்வாங்கிவிட்டது என்று சொல்லிக் கொஞ்சம் அப்பினாள். மாலையில் பார்த்தால் அப்பினது அதிகம். சுரண்டினாள். மறுநாள் காலையில் மறுபடியும் குறைவு. மண் காயாமல் போர்த்தி வைக்கிற ஈரத்துணியைக் குறை சொன்னாள், ஜன்னல் வெளிச்சத்தைக் குறை சொன்னாள். அவள் அப்பா நூலைத் திட்டினது என் காதில் கேட்டது.

ஒருநாள் மதியம் கருவியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சித்தி, சட்டத்துல கோடு எங்க இருக்குன்னு சொல்லு."

சொன்னேன்.

"எனக்கும் அங்கதான் தெரியுது. ஆனா தெரியறதுதான் நிஜமான்னு தெரியலையே."

அந்த நாட்களில் அவள் ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டாள். சாப்பாட்டைப் பார்க்காமல் பிசைவாள். படியை எண்ணி எண்ணி இறங்குவாள். பழகிக்கொள்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

சமையல்காரி மட்டும் சந்தோஷமாக இருந்தாள். "பாத்தீங்களாக்கா, இவருக்குக் கன்னத்துல சதை பிடிச்சிருக்கு. இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டதுக்கு இப்பத்தான் பலன்."

"அட, சும்மா இரு. இந்த வாரத்து மழையில செருப்பு சுருங்கிப்போச்சு, கடிக்குது. அதுக்கு ஒரு வழி சொல்லு" என்றார் அவர். வார்க்கொக்கியைக் கடைசி ஓட்டைக்குத் தள்ளி மாட்டியிருந்தார்.

கடைசியில் இவளுக்கு ஒரு யோசனை வந்தது. கண்ணே வேண்டாம், கையால் பார்ப்போம் என்றாள். மாலையில் அவருடைய ரெண்டு கன்னத்துக்கும் காலிப்பரை வைத்துத் திருகாணியை இறுக்கி, மண்முகத்திலும் வைத்துச் சரிசெய்து, ஆணியில் மாட்டினாள். காலையில் அவர் வந்து உட்கார்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கருவியை எடுத்து மண்முகத்தில் நுழைத்தாள். கச்சிதம். இரும்பு தொட்டும் தொடாமலும் போனது. பிறகு தடவிக்கொண்டே டிரைவர் பக்கம் வந்து அவர் முகத்தில் வைத்தாள்.

நுழையவில்லை. கன்னத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

கண்ணைத் திறந்தாள். இன்னொரு தடவை வைத்தாள். முட்டியது.

"சித்தி! மண்ணு மாறலை. என் கண்ணும் மாறலை!" என்று கத்திக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். சேறு என் புடவை முழுக்க ஆயிற்று. நானும் சிரித்தேன், டிரைவரும் சிரித்தார்.

"என்ன மேடம், என் மூஞ்சியில லாட்டரி விழுந்துடுச்சா?"

அவரைத் திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காலை வெளிச்சம் நேராக அவர்மேல் விழுந்திருந்தது. இமைகள் ஊறவைத்த பயறு மாதிரி. உள்ளே போன கண் என்று நான் பார்த்த கண் எங்கேயும் இல்லை.

"அண்ணே, செருப்பைக் கழட்டுங்க."

கழற்றினார். வார் இருந்த இடமெல்லாம் பள்ளம்.

சமையலறைக்குப் போய், அது சதை இல்லை, வீக்கம், ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும் என்று நிதானமாகத்தான் சொன்னாள். அந்த அம்மா கரண்டியை ஓங்கிப் பாத்திரத்தில் போட்டாள். "அவர் கொஞ்சம் தேறினா ஊருக்கே கண்ணு உறுத்துது. காலையில முகம் உப்பும், மத்தியானம் சரியாயிடும். எத்தனை வாரமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

எத்தனை வாரமாக என்று சொன்னது அவளுக்கே உறைத்தது போலிருந்தது. அவளே அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

ஆஸ்பத்திரி தூரம். அந்தத் தோட்டத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அவரே ஓட்டினார். பக்கத்தில் மனைவி, பின்னால் நாங்கள் ரெண்டு பேர். பள்ளம் மேடு வரும்போதெல்லாம், "உடம்பு நோகாம புடிச்சுக்குங்கம்மா" என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். இவள் வழி முழுக்க கண்ணாடியில் தெரிந்த அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். அவர் ஒரு தடவை கண்ணைக் கசக்கினபோது முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் சின்னப் பையன். டிரைவரைப் படுக்கவைத்து முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தார். குழி அப்படியே நின்றது, மண்ணில் அழுத்தின மாதிரி. இவள் சட்டென்று தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு வந்து, ரெண்டு சிறுநீரகமும் தளர்ந்துபோயிருக்கிறது, இங்கேயே இருக்கட்டும், இன்னும் முன்னாடி வந்திருக்கலாம் என்றார்.

வராந்தா பெஞ்சில் மூணு பேரும் உட்கார்ந்தோம். சமையல்காரி சுவரைப் பார்த்தே பேசினாள்.

"நான் விடிஞ்சதுலேர்ந்து அடுப்புல கிடக்கறவ. அவர் மூஞ்சியைப் போறபோக்குல பாத்ததுதான், நின்னு பாத்தே வருஷமாச்சு. நீதானே தங்கச்சி காலையும் சாயங்காலமும் அளந்து அளந்து பாத்த?"

இவள் நகத்தில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டினாள். அந்த அம்மா கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. உள்ளேயிருந்து டிரைவர், காரை வாசல் கேட்டுக்கு நேரா நிறுத்திட்டேன், வர்றவங்களுக்கு வழியை மறிக்கும், யாராவது கொஞ்சம் தள்ளி விடுங்களேன் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.