கனகேஸ்வரி கொளுத்திப் பார்க்கிறார்

புதுச் சீப்பு வாங்கினால் கனகேஸ்வரி முதலில் அதன் ஓரப் பல் ஒன்றை ஒடித்து மெழுகுதிரியில் பிடிப்பார். தலை வாருவதெல்லாம் பிறகுதான். மெழுகு வாசம் வந்தால் பொலித்தீன் வகை, முடி கருகிய வாசம் வந்தால் நைலோன். வெள்ளவத்தையில் அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டின் அடுத்த அறைக்காரி றோஸி, "இந்த மனுசியை நம்பி ஒரு சவர்க்காரப் பெட்டியைக்கூட வைக்கேலாது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

கொளுத்துவதற்குத்தான் அவருக்குச் சம்பளமே. கொட்டாஞ்சேனையில் மஜீட் முதலாளியின் தொழிற்சாலையில் நைலோன், பொலித்தீன் என்று இரண்டு வகைப் பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்து சுவிட்சுப் பெட்டிகள் வார்க்கிறார்கள். நெருப்புப் பரவாதிருக்க ஒரு வெள்ளைத் தூளையும் சேர்ப்பார்கள். ஒவ்வொரு கலவையிலும் விரல் நீளப் பட்டிகள் வார்த்து, அவற்றில் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கவ்வி, அடியில் பஞ்சு வைத்து, பத்து விநாடி சுடர் காட்டுவது கனகேஸ்வரியின் வேலை. தீ தானாக அணைய வேண்டும். எரிகிற துளி விழுந்து பஞ்சு பற்றினால் கலவை தேறாது. நாற்பத்தாறு வயதில் அவருக்கு வலது புருவம் பாதிதான் மிச்சம். அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் பொல்லாத கோபம் வரும்.

"தூளைக் கொட்டினாப் போதுமெண்டு நினைக்கினம். அது ஒரு பிளாஸ்டிக்குக்குள்ளதான் போய்ச் சேரும், மற்றது வெறுமையா நிக்கும். ஒரே குழம்பில கத்தரிக்காய்க்கு உப்பு ஏறும், கிழங்குக்கு ஏறாது, பாருங்கோ" என்பார்.

இது தொண்ணூற்றேழாம் ஆண்டு, யுத்தகாலம். கனகேஸ்வரியைப் போன்ற யாழ்ப்பாணத்து அடையாள அட்டைக்காரர் கொழும்பில் இருக்கப் பொலிஸ் பதிவு வேண்டும், இங்கே என்ன அலுவல் என்று காட்ட வேலைக் கடிதமும் வேண்டும். அந்தக் கடிதத்தைத் தருபவர் மஜீட். இந்தத் தையில் சுற்றிவளைப்பில் கனகேஸ்வரியைக் கொண்டுபோனபோது, நோன்போடு பொலிசுக்கு ஓடிவந்து சிங்களத்தில் மன்றாடி மீட்டவரும் அவர்தான்.

போன வியாழக்கிழமை நான்கு பட்டிகள் தேறின. ஐந்தாவது சொட்டிப் பஞ்சைக் கொளுத்தியது. மலிவுக்காகப் பொலித்தீனைக் கூட்டியிருந்தார்கள். பெட்டிகள் போவதோ ஓர் அரசாங்கக் கட்டடத்துக்கு. மஜீட் இரண்டு தாள்களோடு வந்து மேசையில் வைத்தார். ஒன்று தரச் சான்றிதழ். மற்றது கனகேஸ்வரியின் புதிய வேலைக் கடிதம். பழையது அடுத்த நாளோடு முடிகிறது. இரண்டிலும் இன்னும் கையெழுத்து விழவில்லை.

"லொறி வாசல்ல நிக்கிது மிஸ். அஞ்சில நாலு தேறியீக்கிதானே. நீங்க இதில வைங்க, நான் அதில வெக்கிறேன்."

கடிதம் இல்லாமல் சோதனைச் சாவடியில் நின்றால் என்ன நடக்கும் என்று கனகேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும்.

"முதலாளி, அந்தக் கட்டடத்தில நெருப்புப் பிடிச்சா முதல்ல ஆரின்ர பேரைத் தேடுவினம்? கடதாசியில தமிழ்ப் பேர் ஒண்டு கிடக்கும். அதுக்குப் பிறகு விபத்தெண்டு ஆர் நம்பப் போகினம்?"

"ஒரே ஒரு பட்டிதானே மிஸ்!"

"அப்ப நீங்களே ஒண்டு எடுத்துத் தாங்கோ."

மிச்சப் பட்டிகள் கிடந்த தட்டை நீட்டினார். மஜீட் எடுத்துக் கொடுத்த பட்டி நான்கு விநாடியில் அணைந்தது. "பாத்தீங்களா?" என்றார். இன்னொன்றும் இப்படியே அணைந்தால் கையெழுத்தை மறுக்கக் கனகேஸ்வரிக்குக் காரணமே இருக்காது. ஆனாலும் தட்டை மறுபடி நீட்டினார்.

மஜீட் எடுத்துத் தந்த இரண்டாவது பட்டியைக் கவ்வியதும் அடியிலிருந்த பஞ்சைத் தள்ளிவிட்டுச் சான்றிதழை அங்கே வைத்தார். "என்ர பேர் இதிலதானே கிடக்கு. இதிலேயே பாப்பம்."

பத்து விநாடி. சுடர் விளக்கை விலக்கினார். பட்டியில் பற்றிய தீ சுருங்கியது, அணையப்போவது போலிருந்தது, பிறகு நுனியில் உப்பிச் சொட்டியது. தட்டச்சில் அடித்திருந்த பெயரின் மேல் துளி விழுந்து தாள் பற்றிக்கொண்டது.

மஜீட் பாய்ந்தார். சான்றிதழை எரியவிட்டு, பக்கத்தில் கிடந்த கடிதத்தை இழுத்தெடுத்து, அதில் பறந்து விழுந்த கரியை ஊதிவிட்டு, சட்டைப்பையில் பேனையைத் தடவினார்.