பியானோ மூடி மேல் நெல்லுக்கட்டு

எங்கள் கோயில் கிராண்ட் பியானோவைக் கெடுத்தது சபையாராகிய நாங்கள். பழியைப் போட்டது அதைச் செய்த கம்பெனி மேல்.

இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேர் போன் செய்தார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்று ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. திருச்சியிலிருந்து பியானோ கடைக்காரர் ஒருவரும் வந்திருந்தார்.

பியானோவின் உள்ளே இருப்பதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, வெறும் கூட்டுக்குள் கீபோர்டு ஒன்றைப் பொருத்துவதாகத் திட்டம்.

(பார்க்க கிராண்ட். கேட்க கல்யாண மண்டபம்.)

செயலாளர் டேனியல் தம்பி ஆரம்பித்தார். "ஜெர்மன் பியானோல்லாம் அந்தக் காலம்ணே. டொக்கு டொக்குங்குது. பிராண்டே சரியில்ல."

கடைக்காரரும் ஜப்பான் கீபோர்டுச் சத்தம்தான் பளிச்சென்று இருக்கும், இது வீணாக நீளம், இடத்தை அடைக்கிறது என்றார். மூடியைத் திறக்காமலே சொன்னார்.

அந்த நீளத்தில்தான் கனத்த கம்பிகள் ஓடுகின்றன என்றேன். நம் சனம் பாட்டை இழுத்து, தாழ்ந்து பாடும். அடியில் அந்தக் கனம் இருந்தால்தான் பாட்டு நிற்கும். பளிச்சென்ற சத்தம் நம் ஓட்டுக் கூரைக்குத் தகரம் மாதிரி தெறிக்கும்.

"அண்ணே எந்த மியூசிக் காலேஜு?" என்றார் டேனியல்.

எல்லோரும் சிரித்தார்கள். போதகர் ஐயாவும்தான்.

நான் வயல் வேலை முடித்து வந்து இந்தப் பியானோவில் நானாகத் தட்டிக் கற்றவன். போய் மூடியைத் தூக்கினேன்.

உள்ளே உமி. எலிப் புழுக்கை. கம்பியைத் தட்டுகிற சுத்தியல்களில் நடுவில் பதினொன்றுக்குக் கம்பளியே இல்லை, எலி கடித்து எடுத்திருக்கிறது. வெறும் மரம் தட்டினால் எந்த நாட்டுப் பியானோவும் டொக்கு என்றுதான் சொல்லும்.

வருடா வருடம் அறுப்பின் பண்டிகைக்கு, அகலமாக இருக்கிறதே என்று அதன் மேல்தான் காணிக்கையாக வரும் நெல்லுக்கட்டு, பூசணி, வாழைத்தார் எல்லாம் அடுக்குகிறோம். அவற்றை ஏலம் விட்டு முடியும்வரை அங்கேயே கிடக்கும். நெல் உதிரும். எலி வரும்.



பிறகு டேனியல் மெதுவாகக் கேட்டார். "மொதமொதல்ல மேல வெச்சது யாருண்ணே?"

"நான்தான்."

பிறர் வயலில் அறுத்த குடும்பம் நாங்கள். சொந்த வயலில் அறுத்த முதல் வருடம் அது. எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று உயரமான இடம் பார்த்து வைத்தேன்.

கமிட்டி கை தூக்கியது. பியானோவைக் கழற்றும் தீர்மானம் அப்படியே நிறைவேறியது. வியாழக்கிழமை ஆள் வருகிறது.

ஆகவே:

டேனியல் தம்பி அந்த ஆளை நிறுத்த வேண்டும்.

கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்த பிறகு பிராண்டைப் பற்றிப் பேச வேண்டும்.

சுத்தியலுக்குக் கம்பளி மாற்றத் தெரிந்தவரைப் போதகர் ஐயா எங்கிருந்தாவது வரவழைக்க வேண்டும்.

சபையார் நெல்லைத் தரையில் வைக்க வேண்டும்.

இந்த வருடத்தின் முதல் நெல்லுக்கட்டைத் தரையில் வைக்க வேண்டியது நான்.